நீலம் பாய்ந்த அருவாமணை

அம்மாவின் அருவாமணையை நான் கெடுத்து எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகு அதைச் சரியும் செய்துவிட்டேன். அம்மா அதை மறந்தே போய்விட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. தெரியாமல் செய்த தப்பு என்றால் ஆறியிருக்கும். எல்லாம் தெரிந்த மாதிரி நினைத்துக்கொண்டு செய்தது அது. அதனால்தான் எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் ஒருவர் வருவார். சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட்டை ஏற்றி, கேரியரில் இருக்கும் கல்லைச் சுற்றவிடுவார். இருந்த இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள். கொரோனாவுக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. அருவாமணை நாளுக்கு நாள் மழுங்கி, தக்காளியை வைத்தால் வெட்டுவதற்குப் பதில் நசுக்க ஆரம்பித்தது. அம்மாவுக்குக் கத்தி பழக்கமில்லை. கீழே உட்கார்ந்து, பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு நறுக்கினால்தான் அவருக்குக் காய் நறுக்கிய மாதிரி. "இந்த வாய வெச்சுக்கிட்டு முருங்கக்காயக் கூட நறுக்க முடியல சாமி" என்று அருவாமணையின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, காட்டி அவர் சொன்ன அன்று எனக்குப் பரண்மேல் கிடந்த மிக்ஸி நினைவுக்கு வந்தது.

அது விலையில்லா மிக்ஸி. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அம்மாவின் ரேஷன் கார்டுக்கு வந்தது. வருடக்கணக்காக உழைத்துவிட்டு, ஜார்களெல்லாம் ஒவ்வொன்றாக உடைந்த பிறகு பரணுக்குப் போனது. மோட்டார் மட்டும் நன்றாக இருந்தது. நல்ல மோட்டாரைத் தூக்கிப் போட மனசு வராத ஆட்களில் நானும் ஒருவன். என் பரணில் இரண்டு டேபிள் ஃபேன் மோட்டார், ஒரு கூலர் பம்பு, எதிலிருந்து கழற்றியது என்றே தெரியாத ஒன்று, எல்லாம் உண்டு. 'ஒரு நாளைக்கு உதவும்' என்பதுதான் என் வீட்டில் அதிகம் கேட்கிற பொய்.

அடிப்பக்கம் நான்கு ஸ்குரூ. கழற்றினால் உள்ளே செம்புச் சுருளும், சுற்றும் சுருளுக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் துண்டுகளும், நடுவில் அச்சும். மேலே ஜாரைப் பிடிக்கும் ரப்பர் கப்ளரை எடுத்துவிட்டு, லேத் பட்டறையில் அச்சில் செருக ஒரு புஷ் (சின்னக் குழாய்) கடைந்து வாங்கினேன். அதில் ஆங்கிள் கிரைண்டருக்குப் போடும் 4 இன்ச் சக்கரத்தை மாட்டினேன். மொத்தமே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சுவிட்சைத் திருப்பியதும் விமானம் கிளம்புகிற சத்தம். எதிர்வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அருவாமணையைப் பலகையோடு தூக்கிப் பிடித்து லேசாகத் தொட்டேன், அவ்வளவுதான். வாசல் முழுக்கப் பொறி! தீபாவளிக்கு மத்தாப்பு பிடித்த பையன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போது கூசுகிறது. ஐந்தே நிமிடம். விரல் வைத்தால் வெட்டும் கூர்.

அம்மா அன்றைக்கு வாழைப்பூவை நறுக்கிவிட்டு, "கம்மியில்ல, சாணக்காரரே தோத்தாரு" என்றார். இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் அருவாமணையைத் திரும்பவும் என்னிடம் கொண்டுவந்து வைத்தார். மறுபடி தீட்டினேன். அதுவும் இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாவது தடவை கொண்டுவந்தபோது வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். விளிம்பை ஒட்டி மூன்று மில்லி அகலத்துக்கு ஒரு பட்டை. ஓரத்தில் நீலம், அதற்கு உள்ளே ஊதா, அதற்கும் உள்ளே வைக்கோல் நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இதென்ன சாமி, நீலமா இருக்குது? வாய் வெந்து போச்சா?"

வெந்து போச்சு என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. அம்மா விவசாயக் குடும்பம். அவருடைய அய்யன் அரிவாளையும் கொத்தையும் கொல்லுப் பட்டறைக்குத் தூக்கிப்போய்ப் பதம் ஏற்றிக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவர். நான்கு வருடம் இயந்திரவியல் படித்த எனக்குத் தோன்றாதது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. இரும்பைச் சூடாக்கினால் சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம் ஏறும், 300-ஐ நெருங்கினால் நீலம். அடுப்பில் காய்ச்சியெடுத்து நீரில் தோய்த்து ஏற்றிய கடினம் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். விளிம்பு தாள் மாதிரி மெல்லியது. அங்கே பிறக்கிற சூடு போக இடம் கிடையாது, அங்கேயே தங்கும். நான் ரசித்த பொறியெல்லாம் அம்மாவின் அருவாமணையின் உயிர்.

காயில் கட்டும் கடையில் படித்த பாடம்

இதற்கிடையில் மிக்ஸி மோட்டாரிலும் கருகல் வாடை வர ஆரம்பித்திருந்தது. கார்பன் தேய்ந்திருக்கும் என்று நினைத்து, கோயம்புத்தூர் கணபதியில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டுகிற ஒருவரிடம் எடுத்துப்போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடை என்றால் எட்டுக்குப் பத்து அறை, வாசலில் பாதிப் பிரித்த சப்மர்சிபிள் பம்பு ஒன்று, உள்ளே வார்னிஷ் மணம். நான் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மோட்டாரைத் தொடவும் இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலே இருந்த சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினார்.

"இதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சீங்களா தம்பி?"

படிக்கவில்லை. படித்தேன். விநாடிக்கு 80 மீட்டர். அதற்குக் கீழே 15,300 ஆர்.பி.எம்.

"உங்க மோட்டார் எத்தன சுத்து ஓடும்?"

"தெரியலீங்கண்ணா."

"ஜார் இல்லாம சும்மா ஓடுனா பதினெட்டாயிரம், இருபதாயிரம்கூடப் போகுமுங்க. இது சீரீஸ் மோட்டார். கட்டி வெச்ச கன்னுக்குட்டி மாதிரி. அவுத்து விட்டா எங்க நிக்கும்னு அதுக்கே தெரியாது. மிக்ஸி மோட்டாருக்குச் சட்னிதான் பிரேக்கு. ஜாருல தேங்காய் இருக்கற வரைக்கும்தான் அது அடங்கி ஓடும்."

சட்னிதான் பிரேக். கேட்டதும் சிரிப்பு வந்தது. வண்டியில் வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு போய்விட்டது. சிக்னலில் நின்றபடி மனக்கணக்குப் போட்டேன். 4 இன்ச் சக்கரம், நிமிடத்துக்கு 20,000 சுற்று என்றால் அதன் விளிம்பு விநாடிக்கு 105 மீட்டர் வேகத்தில் ஓடும். சக்கரம் தாங்குவதாக எழுதியிருந்தது 80. அதற்கு நேர் எதிரே லுங்கியும் பனியனுமாக, கண்ணுக்கு ஒன்றும் போடாமல், ஒவ்வொரு தடவையும் நின்றிருக்கிறேன். மூடி கிடையாது. சக்கரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்குமோ என்னவோ. பக்கத்தில் அம்மா நின்று வேடிக்கை பார்த்தது நினைவுக்கு வந்தபோது வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன்.

கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொன்றுதான் இந்தப் பதிவையே எழுத வைத்தது. "வாட்ஸை (மோட்டாரோட பலத்தை) மட்டும் பாத்து மோட்டார் எடுக்காதீங்க தம்பி. அது இதுக்கு முன்னால என்ன வேலை பாத்துச்சுன்னு பாருங்க. அந்த வேலை மாதிரி வேலை குடுத்தீங்கன்னா ஓடும்." மோட்டார் என்றால் என் மனசில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: எவ்வளவு பலம்? பலமான மோட்டார் எதையும் செய்யும் என்று நினைத்திருந்தேன். டிரில் மெஷினில் இருப்பதும் மிக்ஸியில் இருப்பதும் ஒரே ஜாதி மோட்டார்தான். ஆனால் டிரில்லுக்குள் பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து, அதற்குப் பதில் இழுவையை வாங்கிக்கொள்கிறார்கள். மிக்ஸியில் அந்தப் பேச்சே இல்லை. பிளேடை வேகமாகச் சுழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் ஓய்வு எடுக்கிற உடம்பு அது. அதைப் போய்ச் சாணைக்கு நிறுத்தினேன்.

சரி, சாணைக்காரரின் கல் எவ்வளவு வேகம் சுற்றும்? மனிதன் மிதிப்பதுதானே. வேகத்தால் அல்ல, பொறுமையால் தீட்டியவர் அவர். கல்லில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார். பொறி வந்ததே கிடையாது. சின்ன வயதில் பொறி பார்க்க ஆசைப்பட்டு அவர் முன்னால் நின்று ஏமாந்திருக்கிறேன். எனக்குத் தேவையான பதில் அப்போதே கண் முன்னால் இருந்தது.

துணி துவைத்த மோட்டார்

மெதுவாகச் சுற்றி, சுமையோடு கிளம்பி, அடிக்கடி நின்று, தண்ணீர்ப் பக்கத்திலேயே வாழ்ந்த மோட்டார் எது? இப்படிக் கேள்வியைத் திருப்பிப் போட்டதும் விடை தானாக வந்தது. இரண்டு தொட்டி வாஷிங் மெஷினில் துவைக்கிற பக்கத்து மோட்டார். நாலு போல் (நான்கு காந்த முனை) இண்டக்ஷன் மோட்டார், நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 1,500-க்குக் கொஞ்சம் கீழே, சுமார் 1,400 சுற்று. சுமை இல்லாவிட்டாலும் 1,500-ஐத் தாண்டாது. கார்பன் இல்லை, கத்தல் இல்லை.

உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். ஓடுகிற மோட்டாரும் கருகின மோட்டாரும் அங்கே ஒன்றுதான், இரண்டும் எடைக்கணக்கு. கடைக்காரர் முதலில் பார்ப்பது ஓடுகிறதா என்று அல்ல. சுருளின் மேல் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்க்கிறார். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, வெளுப்பாகத் தெரிந்தால் அலுமினியம். செம்பு என்றால் அன்று மாலையே சுத்தியலுக்குப் போய்விடும். இந்த ஊரில் அதைப் பார்க்கக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்து, 1937-இல் இந்தியாவின் முதல் மோட்டாரைச் செய்து, 1955-இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி கிரைண்டராக்கிய கோயம்புத்தூர் இது. எனக்குக் கிடைத்தது அலுமினியச் சுருள். அதனால்தான் தப்பிப் பிழைத்திருந்தது. 350 ரூபாய் கொடுத்தேன்.

மூன்று வயர் வெளியே வந்தது: மஞ்சள், சிவப்பு, நீலம். நிறத்தை நம்பக் கூடாது, மீட்டரை நம்ப வேண்டும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் 42 ஓம், மஞ்சளுக்கும் நீலத்துக்கும் 42, சிவப்புக்கும் நீலத்துக்கும் 84. அப்படியென்றால் மஞ்சள் பொது. மற்ற இரண்டு சுருளும் சரிசமம். துவைக்கிற மோட்டாரின் அடையாளமே அதுதான். பிழிகிற பக்கத்து மோட்டாரில் ஒரு சுருள் மெலிந்து ஓம் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அது ஒரே பக்கம் சுற்றினால் போதும். இது இடமும் வலமுமாக மாறி மாறிச் சுற்றித் துணியைப் புரட்ட வேண்டும். கண்டன்சரை இரண்டு சுருள் முனைகளுக்கும் குறுக்கே மாட்டிவிட்டு, கரண்டை ஒரு முனையில் கொடுத்தால் ஒரு பக்கம், மறு முனையில் கொடுத்தால் எதிர்ப்பக்கம். மெஷினில் டைமர் செய்கிற வேலை இது ஒன்றுதான். முதல் முறை கொடுத்தபோது உறுமிக்கொண்டு நின்றது. கையால் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடியது. பழைய கண்டன்சர் செத்துவிட்டது என்று அர்த்தம். புதிதாக 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஒன்று போட்டதும் தானாகக் கிளம்பியது. பச்சை வயரை மோட்டார் உடம்பில் இறுக்கி எர்த்துக்குக் கொடுத்த பிறகுதான் தொட்டேன். தண்ணீர் வைத்துக்கொண்டு செய்கிற வேலை, இதில் மட்டும் சோம்பல் கூடாது.

1,400 சுற்றையும் நேரடியாகக் கல்லுக்குக் கொடுக்கவில்லை. மோட்டாரில் 2 இன்ச் புல்லி, மேலே தனி அச்சில் 6 இன்ச் புல்லி, நடுவில் வி பெல்ட். அச்சுக்கு 15 மில்லி கம்பி, இரண்டு பக்கமும் அதைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங் உள்ள பிளம்மர் பிளாக். கணக்குப்படி சுமார் 467 சுற்று. 18 மில்லி பிளைவுட் இரண்டை ஒட்டி, 8 இன்ச் வட்டமாக அறுத்து, அதை அந்த அச்சிலேயே சுற்றவிட்டு விளிம்பை உளியால் சமப்படுத்தி, சுற்றிலும் எமரித் துணியை (உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான துணி) செருப்புக்கடைப் பசையால் ஒட்டினேன். வளைந்த வாய்க்குச் சக்கரத்தின் தட்டையான முகம் ஒத்துவராது, விளிம்புதான் வேண்டும். விளிம்பு இப்போது விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது. 105-இல் ஆரம்பித்தவன் 5-க்கு வந்து நின்றேன்.

இதிலும் ஒரு கோமாளித்தனம் நடந்தது. முதல் ஓட்டத்தில் சக்கரம் என்னை நோக்கிச் சுற்றியது. அருவாமணையின் வாய் வெளிப்பக்கம் பார்க்க வைத்துத் தொட்ட நொடியில் வாய் எமரித் துணிக்குள் கவ்வி, ஒட்டியதையெல்லாம் உரித்து என் மடியில் போட்டது. சக்கரம் வாயைப் பார்த்து ஓடிவரக் கூடாது, வாயைத் தடவிக்கொண்டு விலகிப் போக வேண்டும். இங்கேதான் துணி துவைத்த மோட்டாரின் அருமை தெரிந்தது. ஒரு வயரைக் கண்டன்சரின் மறுகாலுக்கு மாற்றினேன், எதிர்ப்பக்கம் சுற்றியது. பிரமாதம் என்று ஓட்டிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது நிமிடம் சக்கரம் தடதடவென்று ஆடியது. சுற்றும் திசையை மாற்றியதில், இறுகிக்கொண்டிருந்த நட்டு இப்போது கழன்றுகொண்டிருக்கிறது! இரண்டாவது நட்டைப் போட்டு ஒன்றோடு ஒன்று பூட்டிய பிறகு அடங்கியது.

வெந்துபோன பட்டையை முழுக்கத் தேய்த்து எடுக்க இரண்டு சாயங்காலம் ஆனது. மூன்று மில்லி இரும்பு போயிருக்கும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்கி, விரலால் தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் நிறுத்தி. கால் மணி நேரம் ஓடினால் மோட்டார் உடம்பு சுடுகிறது. குறை சொல்ல முடியாது. அது இருந்த மெஷினில் டைமரே 15 நிமிடத்தோடு முடிந்துவிடும், அதற்கு மேல் நேரம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நானும் அந்த நேரத்துக்கு டீ குடிக்கப் போய்விடுகிறேன். முதல் நாள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அம்மா கேட்டார், "இந்நேரத்துக்கு எதுக்குத் துணி போட்டே?"

மச்சானின் கேள்வி

என் மச்சான் வந்து பார்த்துவிட்டு எல்லோரும் கேட்பதைக் கேட்டான். "எவ்ளோ மாப்ள ஆச்சு?" மோட்டார் 350, பிளம்மர் பிளாக் இரண்டு, புல்லி, பெல்ட், லேத் கூலி, கண்டன்சர், பலகை எல்லாம் சேர்த்து 2,100 தாண்டிவிட்டது. "இதுக்குக் கொஞ்சம் சேத்துப் போட்டா கடையில புதுசே வாங்கியிருக்கலாமே?" உண்மைதான். அன்றைக்குப் பதில் சொல்லாமல் மழுப்பிவிட்டேன். 'நானே செய்ததில் ஒரு திருப்தி' என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அந்தப் பதில் எனக்கே பிடிப்பதில்லை. திருப்திக்காகத்தான் மிக்ஸியில் சக்கரம் மாட்டினேன்.

பிறகு ஒரு நாள் கடையில் பெஞ்ச் கிரைண்டரின் தகட்டைப் படித்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் முதலில் தகட்டைத்தான் படிக்கிறேன். 6 இன்ச் கல், 2,800 சுற்று. விளிம்பில் விநாடிக்கு 22 மீட்டர். வெல்டிங் பட்டறைக்கு அது சரி, உளி முனையைக் கரைத்து எடுக்க அது வேண்டும். அம்மாவின் அருவாமணையை என் கையில் கொடுத்து அந்தக் கல்லிலும் தீட்டச் சொன்னால் அதுவும் நீலமாகித்தான் வந்திருக்கும். மெதுவாகச் சுற்றும் சாணை மெஷின் அந்தக் கடையில் எனக்குக் கிடைக்கவில்லை. என் மெதுவான மோட்டார் துணி துவைத்து ஓய்வு பெற்றுத்தான் வர வேண்டியிருந்தது. மச்சானுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

போன மாதம் சாணைக்காரர் திரும்பவும் வந்தார். கொரோனாவில் ஊருக்குப் போனவர், முழங்கால் சரியில்லாமல் அங்கேயே இருந்துவிட்டாராம். இப்போதும் அதே சைக்கிள்தான். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்து என் மெஷினைக் காட்டினார். எனக்குப் பரீட்சை மாதிரி இருந்தது. அருவாமணையை எடுத்து, வாயின் குறுக்கே கட்டைவிரலை வைத்து ஒரு தடவு தடவினார். "நல்லா இருக்குதுங்க" என்றார். அப்புறம் தையல் கத்தரிக்கோலைக் கேட்டார். அது நான் தீட்டித் தோற்றது, துணியைக் கடிக்கிறதே தவிர வெட்டுவதில்லை. தன் சைக்கிளில் உட்கார்ந்து பத்து நிமிடம் மிதித்து, பழைய துணி ஒன்றைக் கத்தரித்துக் காட்டினார். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன்னால் என் மெஷினை ஒரு தடவை ஓட்டச் சொன்னார். பெல்ட்டையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேகம் சாஸ்திங்க. கத்தரிக்கு ஆகாது."

மேல் அச்சுக்கு 10 இன்ச் புல்லி ஒன்று வேண்டுமென்று லேத் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.